தகவலுக்காகவும் உரிய நடவடிக்கைக்காகவும்

2024 மே 31, வெள்ளிக்கிழமை. காலை 7.40க்கு மருந்தகத்தைத் திறந்தேன். இன்சுலின் வைக்கும் குளிர்பதனப் பெட்டியில் வெப்பநிலை 4 டிகிரி, குறித்துக்கொண்டேன். ஜன்னல் பலகையைத் துடைத்தேன். மாத்திரை போடும் காகித உறைகளை நூறு நூறாக அடுக்கினேன். 8.05க்கு முதல் சீட்டு வந்தது, இருமல் மருந்து. 12.35க்குக் கடைசிச் சீட்டு வந்தது. அது யாருடையது என்பதைப் பிறகு சொல்கிறேன். அன்று நான் ஓய்வு பெற்றேன் என்பது என் நாட்குறிப்பில் எட்டாவது வரியில்தான் வருகிறது. அதற்கு மேலே ஏழு வரிகள் வேலை இருந்தன.

மருந்தாளுநர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். இப்போது பணியில் சேர்பவர்களுக்கு, நோயாளிகளின் கைபேசியில் வரும் வைத்தியக் குறிப்புகளைச் சமாளிப்பதுதான் பெரிய பாடாக இருக்கிறதாம். அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் உதவும் என்றார்கள். எனக்கு அனுபவம் உண்டு. ஆனால் அது சமாளித்த அனுபவம் அல்ல, பரப்பிய அனுபவம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. இரண்டு வருடம் பட்டயப் படிப்பு, வெள்ளைக் கோட்டு, எந்நேரமும் கையில் ஜென்ஷன் வயலெட் மருந்தின் ஊதாக் கறை. முதல் பணியிடத்தில் இருந்த தலைமை மருந்தாளுநர் ஒரே ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தார். சீட்டு கைக்கு வந்தால் மருந்தின் பெயரை முதலில் படிக்கக் கூடாது. முதலில் ஐந்தைப் பார்க்க வேண்டும்: பெயர், வயது, தேதி, அளவு, கையெழுத்து. ஐந்தில் ஒன்று இல்லையென்றாலும் சீட்டு செல்லாது. நோயாளி முறைத்தாலும் சிரித்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும். ஒருமுறை அவரே தனக்குத் தலைவலி என்று தேதி போடாத சீட்டை என்னிடம் நீட்டினார். நான் மாத்திரை கொடுத்துவிட்டேன். அவர் அதை வாயில் போடாமல் மேசை மேல் வைத்து, மாலை வரைக்கும் என் கண்ணெதிரிலேயே விட்டுவிட்டார். அதன் பிறகு நான் தவறவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு சீட்டைக்கூட ஐந்தும் பார்க்காமல் விட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். சீட்டு வடிவத்தில் வந்தவரைக்கும் அது உண்மை.

தாம்பரத்துக்கு மேற்கே உள்ள ஒரு நகர்ப்புற சுகாதார நிலையத்தில்தான் என் கடைசிப் பதினொரு வருடங்கள் கழிந்தன. நிலையத்தின் பெயர் வேண்டாம். செவ்வாய்க்கிழமை அங்கே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கும் நாள். முடிச்சூரிலிருந்தும் பம்மலிலிருந்தும் ஷேர் ஆட்டோவில் வருவார்கள். ஆளுக்கு முப்பது நாள் மாத்திரை. நோயாளிகளுக்கு என் பெயர் ஹேமலதா என்பது தெரியாது. நான் 'மாத்திர அக்கா.'

2015 வெள்ளத்தில் எங்கள் பதிவேடுகள் நனைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. முடிச்சூர்க்காரர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீடுகளுக்குப் போயிருந்தார்கள். யாரிடம் மாத்திரை இருக்கிறது, யாரிடம் இல்லை என்று தெரியவில்லை. கிடைத்த எண்களுக்கெல்லாம் ஒருவர் விடாமல் பேசினேன். அதைப் பார்த்த ஒரு நோயாளியின் மகள் என் கைபேசியை வாங்கி, ஐந்து நிமிடத்தில் ஒரு வாட்ஸாப் குழு ஆரம்பித்துக் கொடுத்தாள். குழுவின் பெயர் 'மாத்திரை நாள்.' திங்கள்கிழமை மாலை 'நாளை வரவேண்டியவர்கள்' என்று நான் ஒரு பட்டியல் போடுவேன். அவ்வளவுதான் அதன் வேலை. 2022இல் அதில் 143 பேர் இருந்தார்கள்.

என் கணவரும் ஒரு குழுவில் இருக்கிறார். தாம்பரம் ரயில்வே யார்டில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் நடக்கப் போகும் நண்பர்களின் குழு அது. அவர்கள் நடப்பது நாற்பது நிமிடம். நடந்ததைப் பற்றியும், மனிதன் எப்படி வாழ வேண்டும் என்பதைப் பற்றியும் அனுப்பிக்கொள்வது மீதி நாள் முழுக்க. பூக்கூடை, காலை வணக்கம், பூண்டின் மகிமை, வெந்நீரின் மகிமை. அவர் தனக்கு வந்ததை எனக்கு அனுப்புவார். நான் அடுப்படியில் இருப்பேன், அவர் கூடத்தில் இருப்பார். இடையில் பன்னிரண்டு அடி. ஆனாலும் அனுப்புவார்.

2022 ஜூலை 19, செவ்வாய். அன்று காலை 5.55க்கு அவர் அனுப்பியது இது: 'சர்க்கரைக்கு முடிவு! இரண்டு வெண்டைக்காயைக் காம்பு நீக்கிக் கீறி, இரவு முழுக்க நீரில் ஊறவைத்து, காலையில் வெறும் வயிற்றில் குடியுங்கள். ஏழே நாளில் மாத்திரையைத் தூக்கி எறியுங்கள். ஒரு பிரபல மருத்துவர். பத்துப் பேருக்காவது அனுப்புங்கள்.' கூடவே பச்சைப் பசேலென்று ஒரு கண்ணாடிக் குவளையின் படம்.

அன்றே ஜன்னலில் மூன்று பேர் அந்தத் தண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள். அதெல்லாம் வேண்டாம் என்று மூவரிடமும் சொன்னேன். மூவரிடம் சொல்வதற்குப் பதில் 143 பேரையும் எச்சரித்துவிடலாமே என்று தோன்றியது. மதியம் 1.50, சாப்பாடு முடிந்த நேரம். இப்படி ஒன்று சுற்றுகிறது, விழிப்பாக இருங்கள் என்பதே என் எண்ணம். வந்த செய்தியை அப்படியே குழுவில் போட்டேன். அதன் மேலே, ஒரு கடிதத்தை அடுத்த மேசைக்கு அனுப்பும்போது வழக்கமாக எழுதும் வரியை எழுதினேன்: 'தகவலுக்காகவும் உரிய நடவடிக்கைக்காகவும்.'

அரசு அலுவலகத்தில் வேலை பார்க்காதவர்களுக்காக ஒரு விளக்கம். எங்களுக்கு அந்த வரி ஒரு கும்பிடு மாதிரி. அதற்குப் பொருள் கிடையாது. மேலிடத்திலிருந்து வரும் எல்லாக் காகிதத்திலும் அது இருக்கும்; படித்துவிட்டுக் கோப்பில் வைப்போம். 'இது தவறு' என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. வெண்டைக்காய் மாத்திரைக்கு ஈடாகாது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

பத்து நிமிடத்தில் நாற்பது கும்பிடுகள் வந்து விழுந்தன. அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியது: 'குழுவில் எச்சரிக்கை இடப்பட்டது. நல்ல வரவேற்பு.'

அடுத்த செவ்வாய் 38 பேர் வரவேண்டும். 27 பேர் வந்தார்கள். ஆடி மாதம், பம்மலில் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிறார்கள், அதனால்தான் வரவில்லை என்று எழுதி வைத்தேன். மறுநாள் எங்கள் வாசலில் தள்ளுவண்டியில் காய் விற்கும் வேலு, "இன்னான்னு தெரிலக்கா, வெண்டைக்கா வண்டில நிக்கவே மாட்டுது. முத்தல கூட வுட மாட்றாங்க" என்று சொன்னார். அதையும் எழுதி வைத்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குறிப்புகள், ஒரே கையெழுத்து. நான் எல்லாவற்றையும் எழுதுகிறவள். எழுதியதைப் படிக்கும் பழக்கம்தான் அன்று இல்லை.

ஆகஸ்ட் 16, செவ்வாய். தேசம்மா வந்தார்.

தேசம்மா பம்மலில் இருக்கிறார். முடிச்சூர் சாலையோரம் மீன் விற்கிறார். பிறந்தது கடற்கரைக் குப்பத்தில். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை நாள் ஒன்றைக்கூடத் தவறவிடாதவர். வரிசையில் முன்னால் நிற்பவரின் சீட்டை எட்டிப் பார்த்து, "உனுக்கு இன்னா, பெரிய மாத்திரியா?" என்று வம்பு வளர்ப்பவர். அவரைப் பற்றி எழுதலாமா என்று சென்ற வாரம் கேட்டேன். "பேரு போடு. மீன் விக்கிற எடத்தையும் போடு, நாலு பேரு வரட்டும்" என்றார். போட்டுவிட்டேன்.

அன்று அவர் வம்பு ஏதும் வளர்க்கவில்லை. வலது கையைப் பழைய புடவைத் துணியில் சுற்றி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். கூடவே மருமகள் கௌரி. நான்கு நாளுக்கு முன் கெளுத்தி மீனின் முள் ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. மீன்காரிக்கு முள் குத்துவது செய்தியே இல்லை. மஞ்சளை வைத்துக் கட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்த்திருக்கிறார். துணியை அவிழ்த்தபோது விரல் கத்தரிக்காய் நிறத்தில், கத்தரிக்காய் பருமனில் இருந்தது. சர்க்கரை நானூற்று இருபது.

பதிவேட்டைப் பார்த்தேன். ஜூலை 26 அன்று மாத்திரை வாங்கியிருக்க வேண்டும், வாங்கவில்லை. மூன்று வாரமாக ஏன் வரவில்லை என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

"நீதானக்கா மாத்திர வோணாம்ன."

"நானா?"

"நடவடிக்கை எடுக்க சொல்லி அனுப்பிச்சியே. எடுத்துகினுதான் கீறேன். தெனம் ரெண்டு வெண்டைக்கா. ஒரு நாள் தவறல."

தேசம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கைபேசியில் வருவதைக் கௌரிதான் படித்துச் சொல்வாள். அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "அத்த கேட்டாங்கக்கா, உரிய நடவடிக்கைன்னா இன்னாடின்னு. கவர்மெண்ட்ல அப்டி எழுதுனா செஞ்சே ஆவணும்னு அர்த்தம் அத்தன்னு சொன்னேன். தப்பாக்கா?"

தப்பில்லை. அகராதியைப் பார்த்தாலும் அதுதான் பொருள். நான் பணியில் இருந்த அத்தனை வருடத்தில் அந்த வரியைப் பார்த்து, உண்மையாகவே நடவடிக்கை எடுத்த ஒரே மனுஷி தேசம்மாதான்.

எங்கள் மருத்துவ அலுவலர் டாக்டர் சுபாஷிணி. என்னைவிடப் பதினெட்டு வயது சிறியவர். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. நோயாளி பேசி முடித்த பிறகும் ஒரு நொடி காத்திருப்பார்; அந்த ஒரு நொடியில்தான் பலரும் உண்மையைச் சொல்வார்கள். எதையும் இரண்டு முறை படிப்பார். படித்த இடத்தில் பேனாவால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். எங்களையெல்லாம் அக்கா, அண்ணா என்றுதான் அழைப்பார். கோபம் வந்தால் மட்டும் 'மேடம்' என்பார். காவலாளியை அவர் 'சார்' என்று கூப்பிட்ட ஒரு நாள் அந்த மனிதர் மதியச் சாப்பாடே சாப்பிடவில்லை.

தேசம்மாவின் விரலைச் சுத்தம் செய்து, ஊசி போட்டு, கடிதம் எழுதி, நகரத்துப் பெரிய அரசு மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார். ஆம்புலன்ஸ் கிளம்பும் முன் கௌரியிடம் கைபேசியை வாங்கி என் செய்தியைப் படித்தார். இரண்டு முறை. கைபேசியில் புள்ளி வைக்க முடியாததால் விரல் நகத்தால் ஒரு முறை தட்டினார். கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். மீதி நாற்பது நோயாளிகளையும் வழக்கம்போலப் பார்த்தார்.

12.40க்கு வரிசை முடிந்தது. ஜன்னலை மூடப் போனேன். வெளியே, நோயாளிகள் நிற்கும் பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு டாக்டர் நின்றிருந்தார். ஒரு புறநோயாளிச் சீட்டை உள்ளே தள்ளினார். என் கண் தன் பழக்கப்படி ஐந்தையும் தேடியது. பெயர் இல்லை. வயது இல்லை. தேதி இல்லை. அளவு என்ற இடத்தில் 'இரண்டு வெண்டைக்காய்.' கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு பிரபல மருத்துவர்.'

"இது செல்லாது டாக்டர்," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்படியா மேடம்? போன மாசம் நூத்தி நாப்பது பேருக்கு இதே ஜன்னல்லேர்ந்து நீங்க குடுத்திருக்கீங்களே."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சுற்றி வந்து உள்ளே எனக்கு எதிரே உட்கார்ந்தார். வீட்டுக்காரர் அனுப்பினார் என்று தொடங்கினேன். அவர் அந்த ஒரு நொடி காத்திருந்தார். வீட்டுக்காரரை அத்துடன் விட்டுவிட்டு, அனுப்பியது நான் என்று சொன்னேன். அப்படியென்றால் அதைக் குழுவிலும் சொல்லிவிடுங்கள் என்றார்.

உடனே ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன்: 'மேற்காண் பொருள் தொடர்பாக, 19.07.2022 அன்று இக்குழுவில் பகிரப்பட்ட தகவலானது சரிபார்க்கப்படாத ஒன்று எனத் தெரிவிக்கப்படுகிறது.' டாக்டர் இரண்டு முறை படித்தார். ஐந்து இடத்தில் புள்ளி வைத்தார்.

"யார் பகிர்ந்தாங்க? இந்த வரில ஆளே இல்லையே. யார் தெரிவிக்கிறாங்க? அதுக்கும் ஆளில்லை. இதைக் கௌரி படிச்சுக் காட்டினா தேசம்மாவுக்கு என்ன புரியும்?"

இரண்டாவது தாளில் 'பகிரப்பட்ட' போனது. மூன்றாவதில் 'மேற்காண்' போனது. நான்காவது தாளை அவர் கையிலேயே வாங்கவில்லை. எழுத வேண்டாம், பேசுங்கள் என்றார். அந்த வேலையில் இருந்த காலம் முழுக்க 'நான்' என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தை நான் அலுவலகத்தில் எழுதியதில்லை, விடுப்பு விண்ணப்பத்தைத் தவிர. கைபேசியை வாயருகே வைத்து ஆறு முறை பேசி, ஐந்து முறை அழித்தேன். ஆறாவது இது:

"நான் மாத்திரை அக்கா பேசறேன். வெண்டைக்காய்த் தண்ணி மெசேஜை அனுப்பினது நான்தான். அது தப்பு. அதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தின ஒருத்தங்க இப்ப ஆஸ்பத்திரியில இருக்காங்க. வெண்டைக்காயைப் பொரியல் பண்ணிச் சாப்பிடுங்க. மாத்திரையை நிறுத்தாதீங்க. நிறுத்தினவங்க நாளைக்கே வாங்க. திட்ட மாட்டேன்."

இதற்குக் கும்பிடு ஒன்றுகூட வரவில்லை. ஆனால் மறுநாள் புதன்கிழமையாக இருந்தும் மருந்தக வாசலில் ஏழு பேர் நின்றார்கள். வராத மீதிப் பேரின் வீடுகளுக்கு ஷேர் ஆட்டோவில் நானே போனேன். ஒரு வீட்டில் அந்தப் பெரியவர் என்னைப் பார்த்ததும், ஊறிக்கொண்டிருந்த குவளையைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்தார். திட்ட மாட்டேன் என்று சொல்லியிருந்ததால் பேசாமல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேசம்மாவைப் பார்க்கப் போனேன். சீழை எடுத்திருந்தார்கள், இன்சுலின் போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாள் பார்ப்போம், பரவினால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். பையில் சாத்துக்குடி கொண்டுபோயிருந்தேன். சர்க்கரை நோயாளிக்கு எதை எவ்வளவு கொடுக்கலாம் என்று ஊருக்கே சொல்கிறவள், பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

தேசம்மா விரலைப் பற்றி மட்டுமே பேசினார். "வெரலு பூட்ச்சுன்னா வவ்வால எப்டிக்கா அறுப்பேன்? சொறாவுக்கு எப்டி தோலு உரிப்பேன்? கத்திய இதான புடிக்கும்." ஆள்காட்டி விரல் கத்தியின் முதுகில் அழுந்தி நிற்பதை இடது கையால் செய்து காட்டினார். அவருக்குக் கணவர் இல்லை. மகனுக்குக் கட்டட வேலை, வாரத்தில் மூன்று நாள். வீடு அந்த விரலில்தான் நின்றிருந்தது.

என் மேல் கோபமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டேன்.

"உம்மேல இன்னாத்துக்குக்கா கோவம்? வேற எவனாவது அனுப்பிச்சிருந்தா தூக்கிப் போட்டுகினு போயிருப்பேன். உங்கையால வந்தா அது மாத்திரதான்னு நெனச்சிட்டேன்."

வெளியே வந்து, தாம்பரம் போகும் பேருந்தில் ஏறி, பல்லாவரம் வந்த பிறகுதான் கவனித்தேன்: சாத்துக்குடிப் பை என் மடியிலேயே இருந்தது.

விரல் தப்பியது. ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். ஆனால் மடங்கவில்லை. நேராக விறைத்தே இருக்கிறது. கத்தியின் முதுகில் வைப்பதற்கு அதுவே வசதி என்று கண்டுபிடித்துவிட்டார். ஒரே ஒரு தொல்லை, யாரோடு பேசினாலும் அது அவர்களைக் குற்றம் சாட்டுவது போலச் சுட்டிக்கொண்டிருக்கும். தேசம்மா விஷயத்தில் அது பெரும்பாலும் பொருத்தமாகவே இருக்கும்.

டாக்டர் தள்ளிய அந்தச் சீட்டை நான் ஒரு நாற்பது பக்க நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினேன். நோட்டுக்கு 'செல்லாத சீட்டுகள்' என்று பெயர் வைத்தேன். கைபேசியில் எந்த வைத்தியம் வந்தாலும் ஜன்னலுக்குக் கொண்டுவாருங்கள், சீட்டைப் பார்ப்பது போலவே பார்க்கலாம் என்று குழுவில் சொன்னேன். பெயர்: சொன்னது யார்? 'ஒரு பிரபல மருத்துவர்' என்பது பெயர் அல்ல. வயது: எந்த வயதுக்காரருக்குச் சொன்னது, யாருக்கு ஆகாது? தேதி: எப்போது எழுதியது? அளவு: எவ்வளவு, எத்தனை நாள், அதற்கு மேல் போனால் என்ன ஆகும்? கையெழுத்து: நாளைக்கு ஒன்று ஆனால் போய்க் கேட்க ஆள் உண்டா? நோயாளிகளே பார்த்து, அவர்களே நோட்டில் எழுதுவார்கள். கழுதைப்பால், கருஞ்சீரகம், காதில் வெங்காயம், பாதத்தில் வெங்காயம். இரண்டு வருடத்தில் முப்பத்தோரு பக்கம் நிரம்பியது. ஐந்தும் தேறிய செய்தி எதுவும் அதில் இல்லை.

தேசம்மா இதைச் சாலையோரத்துக்குக் கொண்டுபோனார். மீன் வாங்க வந்தவர் யாராவது, இந்த மீனைத் தின்றால் மூட்டுவலி போகுமாம் என்றால், விரல் அவர் பக்கம் திரும்பும். "சீட்டு கீதா?" வியாபாரத்துக்கு அது நஷ்டம் என்று நான் சொன்னேன். "வாங்கறவங்க வாங்குவாங்க, நீ சும்மா இரு" என்றார்.

கொஞ்சம் அதிகமாகவே போனது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை கண் பரிசோதனை முகாம் என்று எங்கள் டாக்டரே குழுவில் போட்டார். அவசரத்தில் தேதியை விட்டுவிட்டார். நான்கு பேர்தான் வந்தார்கள். கேட்டதற்குக் கௌரி, "தேதி இல்ல டாக்டர், செல்லாதுன்னு அத்த சொல்ட்டாங்க" என்றாள். டாக்டர் தன் செய்தியை இரண்டு முறை படித்தார். அன்று அவர் தேசம்மாவை மேடம் என்று கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். கூப்பிடவில்லை, சிரித்துவிட்டார்.

என் கணவரிடம் வீட்டில் ஒருநாள் கேட்டேன், பாதை காலி என்று லைன் கிளியர் வராமல் ரயிலை விட்டிருக்கிறீர்களா என்று. "என்ன கேள்வி இது?" என்று கோபப்பட்டார். அப்புறம் இது மட்டும் எப்படி என்றேன். கைபேசியை நான் பிடுங்கிவிடுவேனோ என்பது போல நகர்த்தி வைத்தார். "வந்துச்சு, அனுப்பினேன். அவ்வளவுதான்" என்றார். இப்போதும் அனுப்புகிறார், ஆனால் மேலே 'சீட்டு இல்லை' என்று எழுதி அனுப்புகிறார். இதை முன்னேற்றம் என்றே குறித்து வைத்திருக்கிறேன்.

இனி கடைசிச் சீட்டு. இதை எழுதாமல் விட நினைத்தேன்; ஆனால் ஆளில்லாத வாக்கியம் எழுதும் பழக்கத்தை விட்டாயிற்று.

ஓய்வு பெறுவதற்கு ஒன்பது நாள் முன்னால், மே 22 அன்று, டாக்டர் எனக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். நூற்று அறுபதுக்கு நூறு. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே. சீட்டு எழுதிக் கொடுத்தார். ஐந்தும் சரியாக இருந்தது. அதை மடித்து நாட்குறிப்பில் வைத்தேன். உப்பைக் குறைத்துப் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, தினமும் காலையில் இரண்டு பல் பூண்டைத் தட்டி மோரில் போட்டுக் குடித்தேன். அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. மேலே 'சீட்டு இல்லை' என்றுகூட எழுதியிருந்தது.

மே 31, 12.35. வரிசை முடிந்துவிட்டது. பதிவேட்டில் என் பெயர் ஏறாததைப் பார்த்துவிட்டு, ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் டாக்டர் நின்றிருந்தார். ஒரு சீட்டை உள்ளே தள்ளினார். ஹேமலதா. வயது 60. தேதி 31.05.2024. காலை ஒன்று, முப்பது நாள். கையெழுத்து.

"இது செல்லுமா மேடம்?"

"செல்லும் டாக்டர்."

உறையில் முப்பது மாத்திரை போட்டேன். பதிவேட்டில் என் கையால் என் பெயரை எழுதினேன். அந்த மருந்தகத்தில் நான் எழுதிய கடைசிப் பதிவு அதுதான். மாலையில் சால்வை போர்த்தினார்கள், இரண்டு பேர் பேசினார்கள், நான் எட்டாவது வரிக்கு வந்துவிட்டேன். சாவியையும் நோட்டையும் புதியவரிடம் ஒப்படைத்து, 'மாத்திரை நாள்' குழுவை அவர் பெயருக்கு மாற்றிவிட்டு, விலகினேன். வீட்டுக்கு வந்ததும் உறையைக் கைப்பையிலேயே விட்டுவிட்டுப் படுத்தேன்.

மருத்துவமனையிலிருந்து வந்த நாளிலிருந்து தேசம்மாவுக்கு ஒரு பழக்கம். தினமும் காலையில் உள்ளங்கையில் மாத்திரையை வைத்துப் படம் எடுத்துக் குழுவில் போடுவார். மற்ற விரல்கள் மடங்கியிருக்கும், அந்த ஒன்று மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். நான் ஒரு சரி போடுவேன்.

ஜூன் 1, சனிக்கிழமை, காலை 5.40. குழுவில் இல்லாததால் படம் என் எண்ணுக்கே நேராக வந்திருந்தது. உள்ளங்கை, மாத்திரை, விரல். விரல் சரியாக என்னைத்தான் காட்டியது. கூடவே குரல்.

"அக்கா, நான் போட்டுட்டேன். நீ போட்டியா? டாக்டரம்மா எல்லாம் சொல்லிச்சு."

மோர் டம்ளர் தயாராக இருந்தது. பூண்டைத் தட்டி வைத்திருந்தேன். அதை ஓரமாக நகர்த்திவிட்டு, கைப்பையிலிருந்து உறையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தேன். படம் எடுத்து அனுப்பினேன். மேலே எதுவும் எழுதவில்லை. பிறகு தண்ணீர் ஊற்றி விழுங்கினேன்.